வீட்டு வாடகைக் கட்டுப்பாடு: செலவை யார் கட்டுவது?

வாசகர் கேள்வி பதில்

வாடகை ஏறுவதற்கு ஒரு வரம்பு வைத்து, அந்த வேலையை நடத்தும் அலுவலகச் செலவை வீட்டுக்காரர் கட்டும் ஆண்டுக் கட்டணத்தால் ஈடுகட்டும் முறை பற்றிப் பல வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

*

என் மகள் லொஸ் ஏஞ்சல்ஸில் வாடகை வீட்டில் இருக்கிறாள். மாத வாடகையோடு ஒன்றரை டொலருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு தொகை வாங்குகிறார்களாம். கேட்டால் வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டணம் என்கிறார்களாம். கட்டுப்பாடு வைப்பது நகரசபை. காசு மட்டும் குடியிருக்கிறவளிடமா?

வாசகி, பரந்தன்

அது 1.61 டொலராக இருக்கும். லொஸ் ஏஞ்சல்ஸில் 1979 முதல் வாடகைக் கட்டுப்பாடு நடைமுறையில் உள்ளது. 1978 ஒக்டோபருக்கு முன் குடியிருக்கச் சான்று பெற்ற கட்டடங்களுக்கே பெரும்பாலும் அது பொருந்தும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுக்கு 38.75 டொலர் என்று சில ஆண்டுகளாக வாங்கி வந்தார்கள். நகரசபைக்குக் கட்ட வேண்டியவர் வீட்டுக்காரர். கட்டிய பிறகு அதில் பாதியை மட்டும் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துக் குடியிருப்பவரிடம் அறவிடலாம். 19.37 டொலரைப் பன்னிரண்டால் பிரித்தால் வருவதுதான் அந்த 1.61.

உங்கள் மகள் பார்க்க வேண்டியது வேறொன்று. வீடு அந்த ஆண்டுக்குப் பதிவாகியிருக்கிறது என்ற சான்றைக் குடியிருப்பவருக்குக் கொடுக்காமல், அல்லது கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும்படி ஒட்டாமல், வாடகை கேட்கவே அந்த நகரத்துச் சட்டம் விடாது. சான்று இல்லாத இடத்தில் 1.61ஐ மட்டும் கேட்டால், முதலில் சான்றைக் காட்டச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. வாடகைச் சீட்டில் அந்தத் தொகை தனி வரியில் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

*

பம்பைமடுவில் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு மூன்று அறை வாடகைக்கு விட்டிருக்கிறேன். இப்படி ஒரு கட்டணம் இங்கே வந்தால் அதை வாடகையில்தான் ஏற்றுவேன். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். பிறகு யாருக்கு இதில் நன்மை?

வாசகர், வவுனியா

வாடகைக்கு வரம்பு இல்லாத இடத்தில் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். கட்டணத்தை மட்டும் கொண்டுவந்து வரம்பைப் பின்போடுகிற எந்தச் சபையும் மாணவர் தலையில்தான் அந்தச் சுமையை இறக்கும். ஆகவே இரண்டும் ஒரே நாளில் நடைமுறைக்கு வர வேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

வரம்பு இருக்கும் இடத்தில் எவ்வளவைக் கைமாற்றலாம் என்பதைச் சட்டமே எழுதிவிடும். கலிபோர்னியாவின் சாந்தா மொனிக்கா நகரில் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 228 டொலர் என்று இருந்தபோது பாதியை, அதாவது மாதத்துக்கு 9.50 டொலரை, குடியிருப்பவரிடம் வாங்க அனுமதித்தார்கள். வருமானம் மிகக் குறைந்த முதியவர்களும் வலுவிழந்தவர்களும் இருக்கும் வீடுகளுக்கு விலக்குப் பெற வழி வைத்தார்கள். அதே மாநிலத்தின் ஓக்லாந்தில் அந்தப் பாதியையும், கட்டணத்தை உரிய திகதிக்குள் கட்டிய வீட்டுக்காரர் மட்டும்தான் வாங்கலாம். பிந்திக் கட்டினால் முழுவதும் அவருடைய செலவு. நேரத்துக்குக் கட்ட வைப்பதற்கு, வழக்குப் போடுவதைவிட இது நல்ல வழி.

அந்தப் பாதி வாடகைக்குள் கலக்கக் கூடாது. ஓர் அறை வாடகை 15,000 ரூபா, கட்டணத்தில் குடியிருப்பவர் பங்கு 130 ரூபா என்று வையுங்கள். இரண்டையும் சேர்த்து 15,130 என்று எழுதினால், அடுத்த ஆண்டு 5 வீத உயர்வு அந்த 130க்கும் சேர்த்தே கணக்காகும். அதற்கடுத்த ஆண்டு இன்னும் கூடும். சபை கட்டணத்தைக் குறைத்தாலும் வாடகை குறையாது. தனி வரியில் எழுதினால் கட்டணம் நிற்கிற மாதத்தோடு அந்த வரியும் நின்றுவிடும்.

உங்களைப் போல அறையாக விடுபவர்களுக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. மூன்று அறைக்கு மூன்று கட்டணமா, ஒரு வீட்டுக்கு ஒன்றா? சான் பிரான்சிஸ்கோவில் முழு வீட்டுக்கு 59 டொலர் வாங்கிய காலத்தில் தனி அறைக்கு 29.50 டொலர்தான். சமையலறையும் குளியலறையும் பொதுவாக இருந்தால் வீட்டை ஓர் அலகாக எடுப்பதுதான் நியாயம் என்பது எங்கள் கருத்து. அறைக்கு அறை கட்டணம் வைத்தால் பம்பைமடுவிலும் அறிவியல் நகரிலும் மூன்று அறையை ஒரு அறை என்று எழுதிக் கொடுப்பார்கள். அதோடு பதிவேடே பொய்யாகிவிடும்.

*

கரைச்சிப் பிரதேச சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றி நாளைக்கே இதைத் தொடங்கலாமா?

வாசகர், கிளிநொச்சி

முடியாது. அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரையின்படி, பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் அதிகாரம், அல்லது நடைமுறையில் இருக்கிற சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த உள்ளூராட்சி சபையும் வரியோ வேறு அறவீடோ விதிக்க முடியாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சோலைவரிக்கும் வியாபார உரிமக் கட்டணத்துக்கும் இடம் தருகிறது. உரிமக் கட்டணத்துக்கு அந்தச் சட்டம் எழுதிய உச்சம் கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியைப் பொறுத்து 500, 750, 1,000 ரூபா. வாடகைக்கு வரம்பு வைக்கிற அதிகாரம் அதில் இல்லை. உபவிதி எழுதி வர்த்தமானியில் போட்டாலும், தாய்ச்சட்டத்தில் இல்லாத அதிகாரத்தை உபவிதியால் உண்டாக்க முடியாது. நீதிமன்றத்தில் முதல் தவணையிலேயே விழுந்துவிடும். வாங்கிய காசையும் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும்.

நாட்டில் ஏற்கெனவே ஒரு வாடகைச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இருக்கிறது. வாடகைச் சபை, நியம வாடகை (சட்டப்படி வாங்கக்கூடிய உச்ச வாடகை), வெளியேற்றத்துக்கான காரணங்கள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் வீட்டுக்காரரிடம் ஆண்டுக் கட்டணம் வாங்கி வேலையை நடத்தும் ஏற்பாடு அதில் இல்லை. 1980இல் கொண்டுவந்த திருத்தம், அதற்குப் பிறகு கட்டி வாடகைக்கு விடும் குடியிருப்பு வீடுகளைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டது. வன்னியில் இப்போது வாடகைக்கு இருக்கிற வீடுகளில் பெரும்பங்கு போர் முடிந்து மீளக் குடியமர்ந்த பிறகு எழும்பியவை. ஆகவே நாங்கள் பேசுகிற வீடுகளில் மிகச் சிலவற்றைத்தான் அந்தச் சட்டம் தொடும்.

மாகாண சபைக்கு ஒரு வழி இருக்கிறது. பதின்மூன்றாம் திருத்தத்தின் கீழ் உள்ளூராட்சி சபைகளுக்கு மேலதிக அதிகாரம் கொடுக்க அதற்கு இடம் உண்டு. ஆனால் வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. ஆகவே இன்றைய நிலையில் வழி பாராளுமன்றத்தின் ஊடாகத்தான்.

அதுவரை சபை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. வாடகைக்கு விடும் வீடுகளின் கணக்கெடுப்பை விருப்பப் பதிவாகத் தொடங்கலாம். கட்டணம் வாங்காமல், சோலைவரி மதிப்பீட்டு இலக்கத்தோடு சேர்த்து எழுதினால் போதும். ஓக்லாந்து பல ஆண்டுகளாகக் கட்டணம் வாங்கியது. ஆனால் எந்த வீட்டில் என்ன வாடகை என்ற பதிவேட்டை 2023இல்தான் தொடங்கியது. கட்டணம் வந்தும் வாடகை தெரியாமல் இருந்த அந்த நிலையை நாங்கள் இங்கே தலைகீழாக்கலாம். பதிவேடு முதலில், கட்டணம் பிறகு.

*

கட்டணத்தை எவ்வளவு என்று தீர்மானிப்பது எப்படி? சபை தனக்குத் தேவையான அளவுக்கு வைத்துக்கொள்ளாதா?

ஓய்வுபெற்ற கணக்காளர், மாங்குளம்

செலவை முதலில் எழுதி, அதற்குப் பிறகு வீடுகளின் எண்ணிக்கையால் பிரிக்க வேண்டும். கட்டணத்தை முதலில் முடிவெடுத்து அதற்கு ஏற்றபடி செலவு தேடினால் அது வரி. 1986இல் சான் ஹோசே நகரத்து வழக்கில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் வாடகை அலுவலகத்துக்கான கட்டணத்தை ஏற்றுக்கொண்டது. நியாயமான நடத்துச் செலவை அது தாண்டவில்லை என்பதால்தான் அதை விசேட வரி என்று கொள்ளவில்லை. அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் கட்டணம் நின்றிருக்காது. இங்கே சட்டம் வந்தாலும் இதே கோடு எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒரு நகரத்தில் 2,000 வாடகை வீடுகள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பொறுப்பு அலுவலர் ஒருவர், வீடு வீடாகப் போகிற களப் பரிசோதகர் இருவர், பதிவேட்டு எழுதுநர் ஒருவர். சேமலாப நிதியும் சேர்த்து ஒருவருக்குச் சராசரி 75,000 ரூபா என்றால் ஆண்டுக்கு 36 இலட்சம். அறை வாடகை, மின்சாரம், மோட்டார் சைக்கிள் எண்ணெய், கணினி, அச்சு, தபால் 9 இலட்சம். வாடகைத் தகராறுகளை விசாரிக்கிற சட்டத்தரணிக்கு அமர்வுக் கொடுப்பனவு 6 இலட்சம். கூட்டினால் 51 இலட்சம். பத்து வீதம் கையிருப்பு 5.1 இலட்சம் சேர்த்தால் 56.1 இலட்சம். இரண்டாயிரத்தால் பிரிக்க, வீட்டுக்கு 2,805 ரூபா.

இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன. முதலாம் ஆண்டில் எல்லாரும் கட்டமாட்டார்கள். 1,200 பேர் மட்டும் கட்டினால் கைக்கு வருவது 33.66 இலட்சம். 22.44 இலட்சம் துண்டு விழும். துண்டு விழுந்ததும் முதலில் நிறுத்தப்படுவது களப் பரிசோதகர்கள். அவர்கள் போனால் கட்டாதவரைப் பிடிக்க ஆளில்லை. அடுத்த ஆண்டு கட்டியவரும் கட்டமாட்டார். மறுபக்கம், 1,200 பேரையே நம்பிக் கணக்கிட்டால் வீட்டுக்கு 4,675 ரூபா வரும். நேர்மையாகப் பதிந்தவர் பதியாதவரின் பங்கையும் சுமப்பார்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளின் துண்டை அரச மானியமோ சபையின் பொது நிதியோ கடனாகக் கொடுக்க வேண்டும். கட்டணத்தை 90 வீதம் பேர் கட்டுவார்கள் என்று கணித்து வைக்க வேண்டும். 1,800 வீடு என்றால் ஏறக்குறைய 3,117 ரூபா. மாதத்துக்கு 260. குடியிருப்பவரின் பாதி 130. மூன்றாம் ஆண்டிலிருந்து மிச்சம் வருகிற காசில் அந்தக் கடனை அடைக்கலாம். அடைத்து முடிந்தால் கட்டணம் குறைய வேண்டும். குறைக்காமல் விட்டால் பழைய கோட்டைத் தாண்டியதாகிவிடும்.

கணக்காளர் என்பதால் உங்களுக்கு இது சொல்லாமலே தெரியும்: தனி வங்கிக் கணக்கு. பொது நிதிக்குள் போனால் அந்தக் காசு மழைக்கால றோட்டுத் திருத்தத்துக்கும் குப்பை உழவு இயந்திரத்துக்கும் போய்விடும். ஒவ்வொரு ஆண்டும் வரவு செலவுக் கூட்டத்துக்கு முன் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, எத்தனை தகராறு விசாரிக்கப்பட்டது, எத்தனை வீடு பதியவில்லை என்ற நான்கு எண்களையும் சபை அறிவித்தல் பலகையில் ஒட்டினால், கேள்வி கேட்க ஆட்கள் தாமாகவே வருவார்கள்.

*

கட்டாதவரை என்ன செய்யலாம்? தண்டம் போட்டால் வழக்குக்கு ஓடுவார்கள். வழக்கு ஐந்து வருடம் இழுக்கும்.

முன்னாள் சபை உறுப்பினர், முல்லைத்தீவு

தண்டத்தை இரண்டாவதாக வையுங்கள். முதலாவது, பதியாத வீட்டுக்கு வாடகை உயர்வு இல்லை. கலிபோர்னியாவின் பேர்க்லி நகரம் 1980 முதல் இப்படித்தான் நடத்துகிறது. பதியாத, கட்டணம் கட்டாத வீட்டின் வாடகையை ஒரு சதமும் ஏற்ற முடியாது. வீட்டுக்காரர் ஏற்றினால் குடியிருப்பவர் பழைய வாடகையைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். வழக்குப் போட வேண்டிய தேவை வீட்டுக்காரருக்கு. அவர் நீதிமன்றம் போனால் முதல் கேள்வியே பதிவுச் சான்று எங்கே என்பதுதான். எனவே பத்தில் எட்டுப் பேர் தாமாகவே அலுவலகத்துக்கு வருவார்கள் என்று எதிர்பார்க்கலாம்.

அறவிடும் காலத்தை ஜனவரியோடு சேர்ப்பது இங்கே வசதி. சோலைவரியை ஜனவரி 31க்குள் முழு ஆண்டுக்கும் கட்டினால் 10 வீதம் கழிவு கிடைப்பதால் அந்த மாதத்தில் சபைக்கு ஆட்கள் எப்படியும் வருவார்கள். ஆனால் இரண்டையும் ஒரே பட்டியலில் போட வேண்டாம். சோலைவரி எல்லாக் கட்டடத்துக்கும் வரும். இந்தக் கட்டணம் வாடகைக்கு விடும் வீட்டுக்கு மட்டும். ஒரே பட்டியலாக வந்தால் சொந்த வீட்டில் இருக்கிறவர் விலக்குக் கேட்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். சான் பிரான்சிஸ்கோவும் முன்பு சொத்து வரிப் பட்டியலோடு சேர்த்தே வாங்கியது. பிறகு வாடகைச் சபையே நேரடியாக வாங்கத் தொடங்கியது. இன்னொரு சிக்கலும் உண்டு. பிரதேச சபைகளில் சோலைவரி, அபிவிருத்தியடைந்த பகுதி என்று பிரகடனப்படுத்திய இடங்களுக்குத்தான். பிரகடனத்துக்கு வெளியே உள்ள தெருவில் மதிப்பீட்டு இலக்கமே இருக்காது. அங்கே மின்மானி இலக்கத்தை வைத்துப் பதியலாம்.

*

அண்ணா கனடாவில். புதுக்குடியிருப்பில் இருக்கும் அவருடைய வீட்டை நான்தான் வாடகைக்கு விட்டுப் பார்க்கிறேன். காணி அனுமதிப்பத்திரக் காணி. பதிவு வந்தால் யாருடைய பெயரில் பதிவது? அந்தப் பற்றுச்சீட்டைக் காட்டிக் காணிக்கு உரிமை கேட்கலாமா?

வாசகி, புதுக்குடியிருப்பு

உரிமையாளர் அண்ணா. வாடகை வாங்குபவர் நீங்கள். பதிவுப் படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்க வேண்டும். அறிவித்தல்கள் உங்கள் முகவரிக்கு வர வேண்டும். அண்ணாவிடமிருந்து அற்றோணித் தத்துவம் இல்லாமல் நீங்கள் குத்தகை உறுதியில் ஒப்பமிட முடியாது என்பதால், அதை இப்போதே எழுதிப் பதிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது.

கட்டணப் பற்றுச்சீட்டு காணிக்கு எந்த உரிமையும் தராது. சோலைவரிச் சீட்டும் தராது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உள்ள அனுமதிப்பத்திரக் காணியை வாடகைக்கோ குத்தகைக்கோ விட முன் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் வாங்குங்கள். சம்மதமில்லாமல் கைமாற்றினால் அந்த ஆவணம் செல்லாமல் போகும். அனுமதிப்பத்திரத்துக்கே ஆபத்து வரலாம். இந்தப் பயத்தால்தான் வன்னியில் பலர் வாடகை விட்டதையே வெளியே சொல்வதில்லை. பதிவேட்டுத் தகவலைக் காணிக் கிளைக்குக் கொடுக்கக் கூடாது என்று சட்டத்தில் எழுதாவிட்டால், புதுக்குடியிருப்பிலும் ஒட்டுசுட்டானிலும் பாதி வீடுகள் பதிவுக்கே வராது.

*

பதிவு என்றாலே எங்களுக்குப் பயம். குடியிருப்பவரின் பெயர், அடையாள அட்டை எல்லாம் கேட்பார்களா?

வாசகி, செட்டிகுளம்

கேட்கத் தேவையில்லை. வாடகை வரம்பை நடத்தத் தேவையானவை சில விவரங்கள்தான்: வீட்டின் இலக்கம், அறைகளின் எண்ணிக்கை, மாத வாடகை, குடிவந்த மாதம், தண்ணீரும் மின்சாரமும் வாடகைக்குள் அடங்குமா, முற்பணம் எவ்வளவு. ஆள் மாறியதா என்பது தெரிந்தால் போதும். யார் என்பது தேவையில்லை. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கேட்கிற படிவம் வந்தால், அந்த இரண்டு பெட்டிகளையும் எடுத்துவிடும்படி சபையில் கேளுங்கள். ஆள் கணக்கெடுப்பை எத்தனையோ முறை கண்ட மக்களிடம் இன்னொரு பட்டியல் கேட்கிறோம். அந்தப் பட்டியல் எந்தச் சீருடையின் கைக்கும் போகாது என்ற உறுதி சட்டத்திலேயே இருக்க வேண்டும்.

*

இதெல்லாம் வரும்போது வரட்டும். வீட்டுக்காரர் இரண்டு மாதமாக வாடகையை வாங்காமல் தட்டிக் கழிக்கிறார். நிலுவை என்று சொல்லி எழுப்பப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். இப்போது என்ன செய்வது?

வாசகர், வவுனியா

உங்கள் நினைப்பு சரியாக இருக்கலாம். வீடு 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டதா என்று முதலில் பாருங்கள். மாநகரசபை வருமானப் பகுதியில் மதிப்பீட்டுப் பதிவேட்டுப் பிரதி கேட்டால் கட்டடம் எந்த ஆண்டு முதல் பதிவில் இருக்கிறது என்று தெரியும். 1980க்கு முந்திய பழைய வீடாக இருந்து சட்டம் பொருந்தினால், வாடகையை உள்ளூராட்சி சபையிலேயே கட்டலாம். அது வீட்டுக்காரரிடம் கட்டியதாகவே கொள்ளப்படும். மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்கவும் அந்தச் சட்டம் விடாது.

சட்டம் பொருந்தாத புதிய வீடு என்றால், வாடகையை அவருடைய வங்கிக் கணக்கில் போட்டு வைப்புச் சீட்டை வையுங்கள். கணக்கிலக்கம் தெரியாவிட்டால் பதிவுத் தபாலில் காசுக்கட்டளையாக அனுப்புங்கள். திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். கையில் உள்ள எழுத்து எது என்றும் பாருங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். வெற்றுத் தாளில் எழுதிய ஒரு வருட ஒப்பந்தத்தை அந்த ஒரு வருடக் குத்தகைக்கு ஆதாரமாக நம்பியிருக்க முடியாது. நொத்தாரிசு உறுதி இருந்தால் அதன் முடிவுத் திகதியைக் கவனியுங்கள். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் அப்படியான குத்தகை முடிந்த பிறகு வீட்டைத் துரிதமாக மீட்க வீட்டுக்காரருக்கு வழி செய்திருக்கிறது. ஆகவே திகதி நெருங்கினால், அது முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிப்பை எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் பிரதியையும் தபால் சீட்டையும் ஒன்றாகக் குத்தி வையுங்கள்.